புழுப்பண்ணை என்று பெயர் வைத்தவன் எழுதுவது

அன்புள்ள மகனுக்கு,

வானம், பூமி, எங்கள் கிணறு, அந்தக் கிணற்றுக்குள் இரண்டு முறை விழுந்தும் சாகாத தண்ணீர் மெசின் ஆகிய நால்வரையும் சாட்சிக்கு அழைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒரு சீவன்கூட நம்பப்போவதில்லை. நீயும் நம்பமாட்டாய். ஆறு வயதில், அண்ணரும் அண்ணியும் இல்லாமற்போன பிறகு, என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தவன் நீ. அன்றிலிருந்து நான் உனக்குச் சித்தப்பா, தகப்பன், இரண்டும். முல்லைத்தீவுக் கடலில் நான் பிடித்த சுறா எனக்கு வணக்கம் சொன்ன கதையையும், ஒரு யானை என்னிடம் வழி கேட்டுவிட்டு ஓமந்தைப் பக்கம் போன கதையையும் சோற்றோடு சேர்த்து உண்டு வளர்ந்தவன். உன் சித்தி அடிக்கடி சொல்வாள்: "இந்த மனுசன் மழை பெய்யுதெண்டு சொன்னாலும், வெளியில கையை நீட்டிப் பாத்துப்போட்டுத்தான் கொடியில கிடக்கிற உடுப்பை எடுக்க வேணும்." அப்படிப்பட்டவன் எழுதும் கடிதம் இது. கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வாசி.

வருகிற புதன்கிழமை உனக்குக் கலியாணம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நீயும் ஒரு பெட்டியோடும் அந்தப் பழைய சைக்கிளோடும் வாய்க்காலைத் தாண்டி லெச்சுமி அக்காவின் வீட்டுக்குப் போகப்போகிறாய். எண்ணிப் பார்த்தேன், இருநூற்றுப் பத்து அடி. கனடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய சனமெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் கனடாவுக்குப் போன பிள்ளையைத் தகப்பன் குசினி யன்னலால் எட்டிப் பார்த்துக் கவலைப்படுவதில்லை. நான் படுவேன். உனக்கு நாலு புத்தி சொல்லி வழியனுப்ப வேண்டியது என் கடமை. ஆனால் புத்தி சொல்வதற்கு முன், நான் வைத்த ஒரு பெயரை நானே எடுத்துவிடவேண்டியிருக்கிறது. அது எடுபடாவிட்டால் இந்தக் கலியாணப் பந்தலில் உன் சித்தப்பாவுக்குக் கதிரை இல்லை.

சம்பந்தம் பேசப் போன நாளில் நீ எங்களோடு வரவில்லை, ஆகையால் அங்கே நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. நானும் உன் சித்தியும் வெற்றிலைத் தட்டோடு போனோம். லெச்சுமி அக்கா தேத்தண்ணி தந்தா. மண்டபம் வேண்டாம், நகை வேண்டாம், முற்றத்திலேயே பந்தல் போடுவோம் என்றா. எல்லாம் பேசி முடிந்த பிறகு, கிளாசுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் போனவ திரும்பி நின்றா. "பையன் நல்ல பையங்க. எனக்குச் சம்மதந்தான். ஒண்ணே ஒண்ணு. எங்க காணிக்கு நீங்க வச்ச பேரை நீங்களே எடுத்துருங்க. எம் பொண்ணு அந்தப் பேரோட மணவறையில உக்கார வேணாம். எடுக்காட்டி நீங்க பந்தலுக்கு வராதீங்க. மத்தவங்க எல்லாரும் வரட்டும்." கோபமே இல்லாமல் சொன்னா. எனக்கு அங்கேயே ஒரு பகிடி வாய்க்குள் வந்தது. உன் சித்தி என் தொடையில் கிள்ளினாள். கிள்ளின இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. வைத்தியர்கள் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்டார்கள்.

அந்தப் பெயர் உனக்குத் தெரியும். புழுப்பண்ணை. புதுக்குடியிருப்புச் சந்தியில் ஓட்டோ பிடித்து "புழுப்பண்ணைக்கு விடுங்கோ" என்றால் கொண்டுவந்து லெச்சுமி அக்காவின் படலையில் இறக்கிவிடுவார்கள். தபால்காரருக்கும் அந்தப் பெயர்தான். உனக்கு வரப்போகிற மனைவி கவிதா, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை, இந்த ஊருக்கு 'புழுப்பண்ணைப் பெட்டை'. உன் கலியாணச் செய்தி கேட்டு ஒருவர் என்னிடமே கேட்டார்: "பந்தல் எங்க, புழுப்பண்ணையிலயோ? சாப்பாட்டுக்குள்ள பாத்துச் சாப்பிட வேணும் போல." கேட்டுவிட்டுச் சிரித்தார். பதினொரு வருடத்துக்கு முன் நான் சிரித்த அதே சிரிப்பு. என் சிரிப்பை இன்னொருவர் வாயில் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருக்கவில்லை.

கதைக்கு வருகிறேன். அது எங்கள் கோவாக் காலம், புத்தகத்தில் முட்டைக்கோசு என்று போடுகிற அதே கோவா. மாரிப் பனி விழத் தொடங்கினால் இந்தக் குடியேற்றத் திட்டத்தில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் முழுக்கக் கோவாதான். சந்தையில் விலையும் இருந்தது. ஆனால் கோவாவுக்கு முன்பே அதன் புழு எழும்பிவிடும். பச்சை நிறம், அரை விரல் நீளம்கூட இல்லை, தொட்டால் துள்ளி நூலில் தொங்கும். வளர்ந்து அந்துப்பூச்சியாகிச் சிறகை மடித்து இருந்தால் முதுகில் வைரக்கல் பதித்தது போல ஒரு கோலம். சீதனத்துக்கு வாங்கிய வைரம் எல்லாம் இந்தப் பூச்சிகளிடம்தான் போய்ச் சேர்ந்தது என்று நான் சந்தையில் சொல்லித் திரிந்தேன். கடையில் இருந்த மருந்தெல்லாம் அடித்துப் பார்த்தோம். நான் மருந்தோடு வருவதைக் கண்டால் புழுக்கள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்க வரிசையாக வந்து நின்றன. முதுகு தேய்க்கச் சொல்லாததுதான் மிச்சம்.

அப்போது எங்களுக்கு விவசாயப் போதனாசிரியராக வந்தவன் ஓமந்தையைச் சேர்ந்த ஒரு இளந்தாரி. பெயரை விட்டுவிட்டு ஊர் முழுக்க அவனை ஓமந்தைத் தம்பி என்றே கூப்பிட்டது. அவன் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் ஒரு சின்னப் போத்தலோடு வந்து எங்கள் வரம்பில் குந்தினான்.

"ஐயா, இது மற்ற மருந்துகள் மாதிரித் தொட்டவுடன கொல்லுறதில்லை. மண்ணில இருக்கிற ஒரு பற்றீரியாவிலயிருந்து எடுத்தது. புழு இதைத் தின்ன வேணும். தின்னாட்டில் ஒண்டும் நடக்காது."

"அப்ப புழுவுக்கு நான் விருந்து வைக்க வேணும் எண்டுறாய்?"

"ஓம் ஐயா. இலையில விருந்துதான்."

"பாயாசமும் விடவோ?"

அவன் சிரிக்காமல் விளக்கினான். புழுவின் குடல் சுண்ணாம்புத் தண்ணீர் போல் காரமானதாம். அதற்குள் போனதும் இந்தப் பற்றீரியாவின் நஞ்சு கரைந்து, பூட்டைத் திறக்கிற ஒரு திறப்பு மாதிரி ஆகுமாம். புழுவின் குடற்சுவரில் அந்தத் திறப்புக்கு ஏற்ற பூட்டு இருக்கிறதாம். திறப்புப் பூட்டில் விழுந்தால் சுவரில் ஓட்டை. அன்றைக்கே புழு தின்பதை நிறுத்தும், இரண்டு மூன்று நாளில் கறுத்துத் தொங்கும். எங்கள் குடலில் அந்தப் பூட்டு இல்லை, கோழியின் குடலிலும் இல்லை. "பின்னேரத்தில அடியுங்கோ, வெயில் பட்டால் பழுதாப்போகும். இலைக்குக் கீழ படவேணும். சொன்ன அளவு குறையக் கூடாது. புழுவைக் கண்டால் மட்டும் அடியுங்கோ, ஒரே மருந்தை விடாமல் அடிக்காமல் மாத்தி மாத்தி அடியுங்கோ," என்றான். நான் தலையை ஆட்டினேன். என் தலை ஆடுவதற்கும் காதுக்கும் தொடர்பில்லை என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

முதல் போகம், மகனே, அதை எழுத இந்தத் தாள் போதாது. ஒரு கோவாவை பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் அதற்குத் தனி ரிக்கற் கேட்டார். ஒரு கிழவர் எழும்பி அதற்கு இடம் கொடுத்தார். ஊர் என்னைக் கோவா மன்னர் என்றது. கிரீடம் செய்ய ஆள் பார்த்தார்கள், என் தலையின் அளவுக்குப் பித்தளை கிடைக்கவில்லை. கமக்கார அமைப்பின் கூட்டத்தில் நான் எழும்பி நின்று ஒரு சட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை தோறும், புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லோரும் ஒரே நாளில், ஒரே மருந்து. விரதம் பிடிப்பது போல. போத்தல் நெடுநாள் வரவேண்டும் என்று சொன்ன அளவில் பாதியைக் கலக்கலாம், நான் கலந்து பார்த்தேன், சாகுது. காலையிலேயே அடிக்கலாம், பின்னேரம் எனக்கு வேறு வேலை. என் வாழ்நாளில் நான் சொன்ன ஆயிரம் கதைகளில் ஊர் நம்பியது இந்த ஒன்றைத்தான். அன்றிலிருந்து இரண்டு வருடம் ஒரு வெள்ளிக்கிழமையும் தப்பவில்லை.

ஒருத்தி மட்டும் அடிக்கவில்லை. லெச்சுமி அக்கா மலைநாட்டிலிருந்து வந்து இந்தத் திட்டத்தில் காணி பெற்ற குடும்பம். புருசன் காலமான பிறகு தனியே பார்த்தா. வாய்க்கால் ஓரத்துத் துண்டில் அறுபது எழுபது கோவாக் கன்று, பக்கத்தில் இரண்டு வரிசை கடுகு, கொஞ்சம் முள்ளங்கி. மருந்தே இல்லை. விடியப் புழுவைக் கையால் பொறுக்கிக் கோழிக்குப் போடுவா, மிச்சத்தைப் புழுவுக்கே விட்டுவிடுவா. எங்கள் கோவா மணமகள் போல நிற்க, அவவின் கோவா சல்லடை போல நின்றது. "எங்கட தோட்டத்துக்குள்ள வாற பூச்சியெல்லாம் அங்க இருந்துதான் வருது," என்று நான் சொல்லத் தொடங்கினேன். பூச்சிகள் அங்கே பள்ளிக்கூடம் நடத்துகின்றன, சாதாரண தரச் சோதனை பாஸ் பண்ணிய பூச்சியைத்தான் எங்கள் பக்கம் அனுப்புகின்றன என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சனம் சிரித்தால் எனக்கு மேலும் பேச வரும். அது என் வியாதி.

அந்த இரண்டாம் வருடம் தைப்பொங்கலுக்குப் பிறகு வாய்க்கால் துப்புரவாக்க ஒரு சிரமதானம் வைத்தோம். வீட்டுக்கு ஒருவர், மண்வெட்டியோடு. வாய்க்கால் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. ஆட்கள் இருக்கிறார்கள், மண்வெட்டி இருக்கிறது, சோடாவும் குடித்தாயிற்று. நான்தான் சொன்னேன், "வாங்கோ, இதையும் துப்புரவாக்குவம்" என்று. முப்பது பேர் லெச்சுமி அக்காவின் துண்டுக்குள் இறங்கினோம். எங்களில் ஒருவருடைய காணியென்றால் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டிருப்போம். மலைநாட்டிலிருந்து வந்தவ, தனிப் பொம்பிளை என்றபடியால் கூப்பிடாமலே போனோம். இதை நான் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது என்று நினைக்காதே. இறங்கும்போதே தெரியும்.

அவ ஈரக் கையோடு ஓடி வந்தா. "ஐயா, அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க. புழுவும் கொஞ்சம் தின்னும், நாமளும் கொஞ்சம் தின்னுவோம். உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

நான் ஒரு கன்றைப் பிடுங்கி உயர்த்திப் பிடித்தேன். ஓட்டைக்குள்ளால் சூரியன் தெரிந்தது. "பொதுமக்களே," என்றேன், "இது தோட்டமெண்டோ நினைச்சியள்? இது புழுப்பண்ணை!"

சிரிப்பு அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். கடுகும் முள்ளங்கியும்கூட மிஞ்சவில்லை. நாங்கள் பிடுங்கிப்போட்ட கோவாக்களை, நாங்கள் போன பிறகு, அவ ஓலைக் கடகத்தில் பொறுக்கிக்கொண்டிருந்ததை வாய்க்காலின் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அதோடு அவ கோவா நடுவதை விட்டுவிட்டா. தோட்டம் போயிற்று, பெயர் நின்றுவிட்டது.

அடுத்த போகத்திலேயே மருந்து தடுமாறத் தொடங்கியது. அதற்கடுத்த போகம் புழுக்கள் எங்கள் மருந்தைச் சோடா போலக் குடித்தன. ஒரு புழு இஞ்சி போடச் சொன்னது. இன்னொன்று போத்தலின் மேலொட்டியை வாசித்து, காலாவதித் திகதி பார்த்து, திருப்தியோடு தலையாட்டியதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். பாதி அளவு கலந்தவர்கள் முழு அளவு கலந்தார்கள், முழு அளவு கலந்தவர்கள் இரட்டை அளவு கலந்தார்கள். கோவாக்கள் எலும்புக்கூடாக நின்றன. சந்தைக்கு வண்டியில் போனவை அரைச் சாக்கில் போயின. சட்டம் போட்டவன் நான். ஆகவே நான் ஊரைக் கூட்டிச் சொன்னேன்: கடைக்காரர் கலப்படம் செய்கிறார், மருந்தில் தண்ணீர். அது எடுபடாதபோது, புழுப்பண்ணையில் மிஞ்சின வேர்களில் இருந்துதான் புழு திரும்பி வருகிறது என்றேன். அங்கே வேரும் இல்லை, இலையும் இல்லை. ஆனால் பெயர் இருந்ததே, அது போதும். ஓமந்தைத் தம்பி ஒரு முறை வந்து தோட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். கொஞ்ச நாளில் மாற்றலாகிப் போய்விட்டான். அந்த மாதத்தில்தான் நீ ரியூசன் முடிந்து சேட்டுக் கிழிய வந்தாய். என்னடா என்று கேட்டதற்குச் சைக்கிள் சறுக்கியது என்றாய். வகுப்பில் கவிதாவை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவனோடு சண்டை பிடித்தாய் என்று போன வருடம்தான் உன் சித்தி வழியாக எனக்குத் தெரியவந்தது. கிழிந்த சேட்டை நான்தான் ஊசி நூல் எடுத்துத் தைத்தேன். நான் கிழித்ததை நானே தைக்கிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

புழு எப்படி மருந்தை வென்றது என்று இனி நீ தெரிந்துகொள்ளவேண்டும், ஏனென்றால் அந்தத் துண்டில் இந்த மாரிக்குக் கோவா நடப்போவதாகக் கவிதா சொன்னாள். இது முழுக்க ஓமந்தைத் தம்பியின் விளக்கம். அலங்காரம் மட்டும் என்னுடையது. புழு ஒன்றும் பயிற்சி எடுத்து வீரனாகவில்லை. ஆயிரக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டு பிறக்கும்போதே பூட்டு மாறிப் பிறக்கும். மருந்தின் திறப்பு அதற்குப் பொருந்தாது. மற்றவை செத்துப்போக இது பூச்சியாகிப் பொம்பிளை பார்க்கப் புறப்படும். அந்த மாறின பூட்டு தாய் வழியாலும் தகப்பன் வழியாலும், இரண்டு பக்கத்தாலும் வந்தால்தான் பிள்ளை முழுப் பலத்தோடு நிற்கும். ஒரு பக்கத்தால் மட்டும் வந்தால், சரியான அளவு மருந்துக்கு அது மடங்கிவிடும். ஆகவே மாறின பூட்டுக்கார மாப்பிள்ளை, மருந்தே காணாத தோட்டத்திலிருந்து வந்த சாதாரணப் பொம்பிளையைக் கட்டினால் எங்களுக்கு நல்லது. பிள்ளைகளை மருந்து பிடிக்கும். மருந்தடிக்காத தோட்டமே அக்கம்பக்கத்தில் இல்லையென்றால்? மாப்பிள்ளைக்கு வேறு வழியில்லை, மருந்துக்குத் தப்பின இன்னொருத்தியைத்தான், சொந்த மச்சாளைத்தான் கட்டவேண்டும். இரண்டு பக்கத்தாலும் மாறின பூட்டு. ஒரு மாதத்துக்குள் பேரப்பிள்ளை காணும் சாதி அது. இரண்டு போகத்தில் எங்கள் தோட்டம் முழுக்க ஒரே குடும்பம். பாதி அளவு கலந்தோமே, அதில் ஒரு பக்கத்தால் வந்த பிள்ளைகளும் தப்பிப் பிழைத்தன. வெளியிலிருந்து பொம்பிளை வரும் ஒரே வாசலை மண்வெட்டியோடு போய் அடைத்தவன் உன் சித்தப்பா. லெச்சுமி அக்காவின் சல்லடைக் கோவாதான் இரண்டு வருடம் எங்கள் மருந்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றது.

ஆகையால் நீ நடும்போது வாய்க்கால் பக்கம் இரண்டு வரிசையை மருந்தே காட்டாமல் விடு. அதைப் பார்த்து ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். அந்த மருந்தை ஊர் கைவிட்டு நெடுநாள். பழைய குடும்பம் கலைந்து வெளிச் சம்பந்தங்கள் வந்திருக்கும், இப்போது கொஞ்சம் வேலை செய்கிறது என்று விசுவமடுப் பக்கத்தில் கேள்விப்பட்டேன். புழுவைக் கண்டால் மட்டும், பின்னேரத்தில், முழு அளவு. வெற்றி கிடைத்த ஆயுதத்தை எல்லாவற்றுக்கும் எடுக்காதே. நான் மருந்தையும் அப்படித்தான் எடுத்தேன், பகிடியையும் அப்படித்தான் எடுத்தேன். வீட்டில் சண்டை வந்தால் பகிடி, பிழை பிடிபட்டால் பகிடி, கடன்காரன் வந்தால் பகிடி. உன் சித்தி முப்பது வருடமாக அதைக் குடித்துக் குடித்து, இப்போது என் எந்தப் பகிடியும் அவளில் வேலை செய்வதில்லை. கவிதாவிடம் சில நாள் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகு. மாமியார் போடும் சோற்றைக் குறை சொல்லாதே. அவ உறைப்புக் கூடத்தான் போடுவா, தண்ணீர் குடி.

போன ஞாயிற்றுக்கிழமை கமக்கார அமைப்பின் கூட்டத்தில் நான் எழும்பினேன். நீ கிளிநொச்சிக்குக் கலியாண உடுப்பு எடுக்கப் போயிருந்தாய். பெயரை எடுக்க வந்திருக்கிறேன் என்று தொடங்கி, மேலே எழுதினதையெல்லாம் சொன்னேன். பூட்டு, திறப்பு, மச்சாள், ஒன்றையும் விடவில்லை. புழுவின் கலியாணத்துக்கு வந்தபோது முன்வரிசை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது.

"அப்ப புழுவுக்குச் சம்பந்தம் பேசினது நீங்கள்தானோ ஐயா?" என்று ஒருவன்.

"சீதனம் என்ன குடுத்தவை?" என்று இன்னொருவன்.

தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயாவுக்கு ஒரு சோடா உடையுங்கோ. கனநாளைக்குப் பிறகு நல்ல கதை," என்றார். நான் "இது பகிடியில்லை, உண்மை" என்றேன். அதற்குத்தான் மிகப் பெரிய சிரிப்பு வந்தது. வெளியே வரும்போது ஒரு பெடியன் மற்றவனிடம், "புழுப்பண்ணையடி வரைக்கும் என்னை ஏத்து" என்றான். பெயர் நான் போனபோது இருந்ததைவிட உறுதியாக இருந்தது.

மண்டபத்து வாசலில் பெண்களோடு நின்று லெச்சுமி அக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறா. நான் அவவின் படலைக்குப் போனபோது முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

"சொல்லிப்போட்டன் அக்கா. அவை நம்புகினம் இல்லை. நான் என்ன செய்ய?"

"கேட்டேங்க. நல்லாத்தான் சொன்னீங்க. நானே சிரிச்சிட்டேன்." கொஞ்ச நேரம் கூட்டினா. பிறகு நிமிர்ந்தா. "ஒண்ணு கேக்குறேன். அந்தத் தம்பி இந்த வெளக்கத்தை உங்களுக்கு எப்பங்க சொன்னாரு?"

அவவின் கோழி ஒன்று என் காலடியில் வந்து கொத்திவிட்டுப் போயிற்று.

"சிரமதானத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை," என்றேன்.

அவ என்னைத் திட்டவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "இதை அங்க சொல்லியிருந்தீங்கன்னா ஒருத்தனும் சிரிச்சிருக்க மாட்டான்," என்றா. படலையைத் திறக்கவும் இல்லை, பூட்டவும் இல்லை. உள்ளே போய்விட்டா.

அதனால்தான் இது கடிதமாக வருகிறது. இதன் ஒரு படியை நாளைக்குக் கமக்கார அமைப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செயலாளரிடம் கொடுக்கப்போகிறேன். வாசிக்கிறவர்களும் நீயும் நான் சொல்வதைப் போலச் செய்யுங்கள். சுறாவையும் யானையையும் கழித்துவிடுங்கள். பஸ்ஸில் இடம் பிடித்த கோவாவை இறக்கிவிடுங்கள். இஞ்சி கேட்ட புழு, மேலொட்டி வாசித்த புழு, கண்ணீர் விட்ட வைத்தியர்கள், எல்லாம் என் காற்று. எல்லாம் போன பிறகு ஒரு சின்னத் துண்டு மிஞ்சும். அது மட்டும் உண்மை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஓமந்தைத் தம்பி வாய்க்கால் மதகில் என் பக்கத்தில் இருந்து, "அந்த அக்காவின்ர துண்டைத் தொடாதேங்கோ ஐயா, உங்கட மருந்து அதாலதான் வேலை செய்யுது" என்றான். எனக்கு நன்றாக விளங்கியது. நாலு நாள் யோசித்தேன். மருந்தில்லாமல், சட்டமில்லாமல், என்னைக் கேட்காமல் ஒரு பொம்பிளை செய்தது சரியாக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவ செய்தது சரியென்று இந்த ஊரில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது; தெரிந்தபடியால்தான் அந்தப் பெயரை வைத்தேன்.

சித்தப்பா